உத்தரவை மீறியவருக்கு ஏன் பரம் வீர் சக்ரா? அருண் கேத்தர்பால் குறித்து ஒரு கேள்வி

16 டிசம்பர் 2022, இரவு 9.10

இன்று காலை எங்கள் பள்ளியில் 1971 போரின் வெற்றி நாளை நினைவுகூர்ந்தோம். தேசிய மாணவர் படையின் பொறுப்பாசிரியர் என்பதால், அந்தப் போரில் உயிர்நீத்து, போர்க்கள வீரத்துக்கான நாட்டின் மிக உயர்ந்த விருதான பரம் வீர் சக்ரா பெற்ற இரண்டாம் லெப்டினன்ட் அருண் கேத்தர்பாலைப் பற்றி நான் கால் மணி நேரம் பேசினேன். தீப்பிடித்த டாங்கியை விட்டு இறங்கும்படி மேலதிகாரி வானொலியில் சொன்னதையும், "இல்லை ஐயா, என் டாங்கியை விட்டு வரமாட்டேன், என் பீரங்கி இன்னும் வேலை செய்கிறது" என்று அவர் மறுத்ததையும் சொல்லி முடித்தேன். எல்லோரும் கை தட்டினார்கள். அதன்பின் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்து, "ஐயா, அணிவகுப்பில் நீங்கள் ஒன்று சொன்னால் மறுபேச்சு கூடாது என்கிறீர்கள். அவரை மேலதிகாரி இறங்கச் சொன்னார், அவர் இறங்கவில்லை. அப்படியானால் அவருக்குத் தண்டனையல்லவா கொடுத்திருக்க வேண்டும்?" என்று கேட்டாள்.

நாளைக்குச் சொல்கிறேன் என்று அமர்ந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து யோசிக்க யோசிக்க, அவள் கேள்வியில் நியாயம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது. அவர் இறங்கியிருக்க வேண்டும். டாங்கி போனால் வேறு டாங்கி வரும். பயிற்சி பெற்ற ஓர் இளம் அதிகாரி போனால் திரும்ப வரமாட்டார். உத்தரவை மீறி இறந்ததைப் புகழ்ந்து பேசிப் பிள்ளைகளுக்குத் தவறான பாடத்தைச் சொல்லிக்கொடுக்கிறோமோ என்ற ஐயத்தை இங்கே வைக்கிறேன்.

16 டிசம்பர் 2022, இரவு 11.40

அவரை அறியாதவர்களுக்காகச் சில விவரங்களைச் சேர்க்கிறேன். அருண் பிறந்தது 14 அக்டோபர் 1950 அன்று, புனேயில். தந்தை எம். எல். கேத்தர்பால் ராணுவப் பொறியாளர் படையின் அதிகாரி, பிரிகேடியராக ஓய்வு பெற்றவர். கொள்ளுத்தாத்தா சீக்கியப் படையில் நின்று சில்லியன்வாலாவில் ஆங்கிலேயரை எதிர்த்தவர், தாத்தா முதல் உலகப் போரில் சண்டையிட்டவர். சனாவர் லாரன்ஸ் பள்ளியில் படித்த அருண், 1967இல் தேசியப் பாதுகாப்பு அகாதெமியில் சேர்ந்து, 13 ஜூன் 1971 அன்று 17 பூனா ஹார்ஸ் என்னும் டாங்கிப் படைப்பிரிவில் அதிகாரியானார். அதே ஆண்டு டிசம்பர் 16ஆம் நாள் இறந்தார். அவருடைய பணிக்காலம் ஆறு மாதமும் மூன்று நாளும் மட்டுமே, வயது 21.

போர் மூண்டபோது அவர் அகமத்நகரில் இளம் அதிகாரிகளுக்கான பயிற்சியில் இருந்தார். படைப்பிரிவுக்குத் திரும்பும் வழியில் டெல்லி வீட்டில் இறங்கியவர், கோல்ஃப் மட்டைகளையும் விருந்துகளுக்கு அணியும் நீலச் சீருடையையும் மூட்டையில் கட்டிக்கொண்டார். எதற்கு என்று கேட்டதற்கு, லாகூரில் கோல்ஃப் ஆடப்போவதாகவும், போர் முடிந்ததும் நடக்கும் விருந்துக்குச் சீருடை வேண்டும் என்றும் சொன்னதாகக் குடும்பத்தார் கூறுவதுண்டு. இதைச் சொன்னபோது பிள்ளைகள் சிரித்தார்கள். என்னால் சிரிக்க முடியவில்லை, எனக்கும் அந்த வயதில் ஒரு மகன் இருக்கிறான்.

17 டிசம்பர் 2022, காலை 6.30

தூக்கம் வராமல் அவருக்கான விருதுப் பாராட்டுரையை மறுபடியும் வாசித்தேன். இதற்கு முன் பலமுறை வாசித்திருந்தும், பேச்சுக்குக் குறிப்பெடுக்கும் கண்ணோடு வாசித்ததால் முக்கியமான ஒன்றைத் தவறவிட்டிருக்கிறேன். அன்றைய நாளில் அருண் இரண்டு முறை தம் போக்கில் நடந்துகொண்டார். அந்த இரண்டும் ஒரே தன்மையுடையவை அல்ல.

பாகிஸ்தான் பஞ்சாபின் ஷகர்கர் பகுதியில், பசந்தர் ஆற்றுக்கு அப்பால், ஜர்பாலில் பூனா ஹார்ஸின் 'பி' ஸ்குவாட்ரன் (படைப்பிரிவின் உட்பிரிவான டாங்கி அணி) தனித்து நின்றது. அதைவிட வலிமையான பாகிஸ்தான் டாங்கிகள் எதிர்த்தாக்குதலுக்கு வரவே, ஸ்குவாட்ரன் தலைவர் வானொலியில் உதவி கேட்டார். 'ஏ' ஸ்குவாட்ரனில் இருந்த அருண் அதைக் கேட்டதும், தாமாகவே முன்வந்து தம்முடைய டாங்கிகளோடு புறப்பட்டார். வழியில் இன்னும் அடங்காதிருந்த எதிரி நிலைகளிலிருந்து சூடு வந்தது. அவற்றின்மீது பாய்ந்து, சிலரைக் கைத்துப்பாக்கி முனையில் சிறைபிடித்து, தடைகளை உடைத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது, முதல் தாக்குதலுக்கு வந்த எதிரி டாங்கிகள் பின்வாங்கிக்கொண்டிருந்தன. போரின் வெறியிலும் ஓடிவந்த வேகத்திலும் தம்மை மறந்து அவற்றைத் துரத்தத் தொடங்கினார் என்று பாராட்டுரையே சொல்கிறது. அந்தத் துரத்தலில் ஒரு டாங்கியை அழித்தும்விட்டார்.

இது 21 வயது. கண்டிக்க வேண்டியது ஏதேனும் இருந்தால் இதைத்தான் கண்டிக்கலாம், வரிசையை விட்டு முன்னே ஓடுவது டாங்கிப் போரில் பெரிய ஆபத்து. ஆனால் அவர் அன்று இறந்தது துரத்தியதால் அல்ல. அதன்பின் ஓரிடத்தில் அசையாமல் நின்றபோதுதான் இறந்தார்.

17 டிசம்பர் 2022, காலை 7.05

ஒரு திருத்தம். அருண் தனியாக நின்று பத்து டாங்கிகளை அழித்தார் என்று நேற்றைய பேச்சில் சொல்லிவிட்டேன், அது தவறு. அந்த இடத்தில் அவருடையதோடு மூன்று டாங்கிகள் இருந்தன, மற்ற இரண்டில் கேப்டன் மல்ஹோத்ராவும் லெப்டினன்ட் அவதார் அலாவத்தும் இருந்தார்கள். பத்து எதிரி டாங்கிகளில் நான்கு அருணின் கணக்கு. நாயகனைப் பெரிதாக்க வேண்டி உடனிருந்தவர்களை அழித்துவிடும் பழக்கம் மேடைப் பேச்சில் எளிதாக வந்துவிடுகிறது. திங்கட்கிழமை வகுப்பில் இதைத் திருத்திச் சொல்வேன்.

18 டிசம்பர் 2022, மாலை 5.20

ஞாயிற்றுக்கிழமை என்பதால் வேலூர்ப் பக்கத்தில் இருக்கும் என் பெரியப்பாவைப் பார்த்துவிட்டு வந்தேன். அவர் மதராஸ் சாப்பர்ஸ் என்னும் பொறியாளர் படையில் இருந்தவர், 1971இல் பசந்தர் ஆற்றில் கண்ணிவெடி அகற்றிய 9ஆம் பொறியாளர் படைப்பிரிவின் ஆள். ராணுவம் முழுவதும் அந்தப் படை வீரர்களைத் 'தம்பி' என்றே அழைக்கும். எழுபது வயதைத் தாண்டியவரை அவருடைய பழைய அதிகாரிகள் இன்றைக்கும் தொலைபேசியில் தம்பி என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

கண்ணிவெடியை எப்படித் தேடுவீர்கள் என்று கேட்டேன். வாயால் சொல்லாமல், சமையலறையிலிருந்து அப்பளக் கம்பியை எடுத்துவரச் சொல்லி, வாசலில் மாவிலை உதிர்ந்து கிடந்த மண்ணில் குப்புறப் படுத்துவிட்டார். பெரியம்மா திட்டியது அவர் காதில் விழவில்லை. கம்பியைச் செங்குத்தாக அல்லாமல், தரையோடு ஒட்டினாற்போல் சாய்த்து, விரல் நுனியால் மெல்லத் தள்ளினார். செங்குத்தாகக் குத்தினால் கம்பி வெடியின் தலையில் அழுந்தும், சாய்த்துக் குத்தினால் அதன் பக்கவாட்டில் முட்டும். முட்டியதும் நிறுத்தி, கையால் மண்ணை விலக்க வேண்டும். ஒரு சாண் நகர்ந்து மறுபடியும் குத்தினார். அகற்றிய பாதையின் இரு ஓரமும் வெள்ளை நாடா கட்டுவார்களாம், டாங்கிகள் அந்த நாடாவுக்குள் மட்டுமே வர வேண்டும். இதை இருட்டில், பீரங்கிக் குண்டுகள் விழுந்துகொண்டிருக்கும்போது, விடிய விடியச் செய்திருக்கிறார்கள்.

15ஆம் தேதி இரவு 47ஆம் காலாட்படைப் பிரிகேட் ஆற்றைக் கடந்து எதிர்க்கரையில் கால் ஊன்றிவிட்டது. மதராஸ் ரெஜிமென்டின் 16ஆம் படைப்பிரிவும் அந்தப் பிரிகேடில் இருந்தது. அதன் தலைவர் லெப்டினன்ட் கர்னல் வேத் பிரகாஷ் காய் அந்தப் போரில் உயிர்நீத்து, பரம் வீர் சக்ராவுக்கு அடுத்த விருதான மகா வீர் சக்ரா பெற்றார். காலாட்படை ஆற்றைத் தாண்டிவிட்டது, டாங்கிகளால் தாண்ட முடியவில்லை, நடுவே கண்ணிவெடிக் காடு. பாதை பாதிதான் திறந்திருந்த நேரத்தில் எதிரி டாங்கிகளின் நடமாட்டம் தெரியவே, எதிர்க்கரையில் இருந்தவர்கள் பதறினார்கள். 17 பூனா ஹார்ஸின் தலைவர் லெப்டினன்ட் கர்னல் ஹணூத் சிங் காத்திருக்கவில்லை. அகற்றப்படாத வெடிகளின் மேலேயே டாங்கிகளை ஓட்டிப் போவதென்று முடிவு செய்தார், விடியலில் காலாட்படையோடு சேர்ந்துவிட்டார்கள்.

"நாங்க பாதி ராத்திரி படுத்துக் குத்தின மண்ணு மேல அவங்க ஓட்டிக்கிட்டுப் போனாங்க. ஒண்ணும் வெடிக்கக் கூடாதேன்னு நான் கண்ணை மூடிக்கிட்டேன்" என்றார். அவருடைய அதிகாரி மேஜர் விஜய் ரத்தன் சவுத்ரி அங்கேயே இறந்துபோனார், அவருக்கும் மகா வீர் சக்ரா கிடைத்தது. அந்தப் பெயரைச் சொன்னபோது பெரியப்பா எழுந்து உட்கார்ந்து, சட்டையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

18 டிசம்பர் 2022, இரவு 10.15

பேருந்தில் வரும்போது தோன்றியதை எழுதிவைக்கிறேன். மாணவியின் கேள்விக்கு விடை டாங்கிக்குள் இல்லை, டாங்கிக்குப் பின்னால் இருந்தது.

எதிரி ஒரு ஸ்குவாட்ரன் டாங்கிகளோடு இரண்டாம் முறை வந்தபோது, அருணும் மற்ற இருவரும் நின்ற பகுதியையே முதன்மை இலக்காகத் தேர்ந்தெடுத்தார்கள். சண்டையில் அலாவத்தின் டாங்கி அடிபட்டது, மல்ஹோத்ராவின் பீரங்கி பழுதாகிச் சுட முடியாமல் போயிற்று. மிச்சமிருந்தது 'ஃபமகுஸ்தா' என்று பெயரிடப்பட்ட அருணின் டாங்கி மட்டுமே. அதுவும் அடிபட்டுத் தீப்பிடித்திருந்தது, அவரும் படுகாயம் அடைந்திருந்தார், ஆனால் பீரங்கி சுட்டுக்கொண்டிருந்தது. அவர் விலகினால் அந்த இடைவெளி வழியாக எதிரி நுழைவான். அவனுக்கும் ஆற்றுக்கும் நடுவே இருந்தவர்கள் இரவெல்லாம் சண்டையிட்டுக் களைத்த காலாட்படையினரும், மண்ணில் படுத்துக் கம்பி குத்திய என் பெரியப்பா போன்றவர்களும்தான்.

"என் பீரங்கி இன்னும் வேலை செய்கிறது" என்பதை இதுவரை நான் வீராவேசப் பேச்சாகவே கேட்டு வந்தேன். அதை ஒரு தகவலாகக் கேட்டுப் பார்க்கிறேன். இறங்கச் சொன்னவர் டாங்கி எரிவதை வெளியிலிருந்து பார்த்தார். உள்ளே சுடும் பொறி கெடவில்லை என்பது உள்ளே இருந்தவருக்கே தெரியும். அந்த உத்தரவு அருணின் உயிரைக் காக்கச் சொல்லப்பட்டது, அந்த இடத்தைக் கைவிடச் சொல்லப்பட்டது அல்ல. இடத்தைக் காக்க வேண்டும் என்பதே அவருக்குக் கொடுக்கப்பட்டிருந்த பணி, அந்தப் பணியை யாரும் திரும்பப் பெறவில்லை. 16ஆம் தேதி நான் எழுதிய "டாங்கி போனால் வேறு டாங்கி வரும்" என்ற வரியைத் திரும்பப் பெறுகிறேன். அந்தச் சில நிமிடங்களில் வருவதற்கு வேறு டாங்கி இல்லை.

அவர் இன்னும் ஒரு டாங்கியை அழித்தார். இரண்டாம் முறை அடிபட்டதில் இறந்தார். எதிரியால் அந்த இடத்தைத் தாண்ட முடியவில்லை.

21 டிசம்பர் 2022, இரவு 8.50

மனம் அத்தோடு அமைதி அடையவில்லை. அருண் தம் உயிரைப் பற்றி முடிவெடுத்தார், அது அவர் உரிமை என்று சொல்லிவிடலாம். ஆனால் அவருடைய செஞ்சூரியன் வகை டாங்கியில் நான்கு பேர். ஓட்டுநர், சுடுபவர், குண்டு நிரப்பி வானொலியையும் கவனிப்பவர், தலைவர். அருண் மறுத்தபோது அவர் நான்கு பேருக்காகவும் மறுத்தார். அவர்களில் சவார் (சாதாரண வீரர்) நிலையில் இருந்த நந்த் சிங் அந்த டாங்கியிலிருந்து உயிரோடு திரும்பவில்லை, மற்ற இருவர் பிழைத்தார்கள்.

நந்த் சிங்கிடம் யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். கேட்டால் என்ன சொல்லியிருப்பார் என்று நான் கற்பனை செய்வதும் முறையல்ல. பெரியப்பாவிடம் தொலைபேசியில் இதைக் கேட்டேன். நீண்ட நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அதிகாரி முதல்ல இறங்கியிருந்தா, மத்தவங்க கேக்காமலே இறங்கியிருப்பாங்க. அவர் இருந்ததால இருந்தாங்க" என்றார். அது பாராட்டா, குறையா என்று என்னால் பிரிக்க முடியவில்லை. அவரும் பிரித்துச் சொல்லவில்லை. ஆறு மாதமே பணி செய்த ஓர் இளைஞரிடம் ராணுவம் மூன்று பேரின் உயிரை ஒப்படைக்கிறது, அந்தக் கனத்தை நம் பேச்சுகளில் சொல்வதே இல்லை.

26 டிசம்பர் 2022, காலை 9.00

51 ஆண்டுகளுக்கு முன், இதே நாளில்தான் அருணின் வீட்டுக்குச் செய்தி எட்டியது. 16ஆம் தேதி டாக்காவில் கையெழுத்தான ஆவணத்தோடு கிழக்கில் சுமார் 93,000 பாகிஸ்தானியர் சரணடைந்தார்கள், 17ஆம் தேதி இரவு மேற்கிலும் சண்டை நின்றது. அதே 17ஆம் தேதி சாம்பா அருகே அவருடைய உடல் எரியூட்டப்பட்டுவிட்டது. நாடு வெற்றியைக் கொண்டாடிய அந்த ஒன்பது நாளும் பெற்றோர், போர் முடிந்துவிட்டது, மகன் வருவான் என்றுதான் இருந்திருப்பார்கள். கோல்ஃப் மட்டைகளின் கதையை இனி மேடையில் சிரிப்புக்காகச் சொல்லமாட்டேன்.

2 ஜனவரி 2023, இரவு 10.30

தந்தையைப் பற்றியும் எழுதாமல் இருக்க முடியவில்லை. பிரிகேடியர் கேத்தர்பால் பிறந்த ஊர் சர்கோதா, பிரிவினைக்குப் பின் பாகிஸ்தானுக்குப் போய்விட்டது. 2001இல், தம் 81ஆம் வயதில், இறப்பதற்கு முன் பிறந்த மண்ணைப் பார்த்துவிட வேண்டும் என்று புறப்பட்டார். லாகூரில் அவரை வரவேற்றுத் தம் வீட்டிலேயே தங்க வைத்தவர், பாகிஸ்தான் ராணுவத்தின் ஓய்வுபெற்ற பிரிகேடியர் க்வாஜா முகமது நாசர். அந்த வீட்டில் எல்லோரும் முதியவரை மிகுந்த மரியாதையோடு கவனித்துக்கொண்டார்கள். ஏன் இவ்வளவு என்று அவருக்கே விளங்கவில்லை.

புறப்படுவதற்கு முந்தைய இரவு, சாப்பாட்டுக்குப் பிறகு, நாசர் ஒன்றைச் சொல்ல வேண்டும் என்றார். 1971இல் தாம் 13 லான்சர்ஸ் டாங்கிப் படையில் மேஜராக இருந்ததாகவும், பசந்தரில் அருணின் டாங்கியோடு நேருக்கு நேர் நின்றதாகவும், இருவரும் ஒரே நேரத்தில் சுட்டதாகவும், தாம் பிழைத்து அருண் இறந்ததாகவும் சொன்னார். மகனைக் கொன்றவரின் வீட்டில் மூன்று நாள் உண்டு உறங்கியிருக்கிறார் தந்தை.

அவர் கோபப்படவில்லை. எதிரில் இருந்தவர் தம் கடமையைச் செய்தார் என்பதை ஒரு போர்வீரர் என்ற முறையில் ஏற்றுக்கொண்டார். இதைச் சிலர் மன்னிப்பு என்று எழுதுகிறார்கள். எனக்கு அந்தச் சொல் பொருத்தமாகப் படவில்லை. மன்னிக்க வேண்டுமானால் முதலில் குற்றம் இருக்க வேண்டும். நாசரின் நிலையில் குற்றம் இல்லை என்று தந்தைக்குத் தெரியும். இல்லை என்று தெரிந்தும் அன்றிரவு அந்த வீட்டில் அவரால் எப்படித் தூங்க முடிந்திருக்கும் என்பதுதான் எனக்கு எட்டாதது. என் மகன் பல்லாவரத்தில் வேலை செய்கிறான், இரவு பத்து மணிக்குத் தொலைபேசியை எடுக்கவில்லை என்றாலே எனக்குக் கைகால் ஓடாது.

3 ஜனவரி 2023, காலை 6.45

நேற்றைய குறிப்போடு சேர்த்து வாசிக்க வேண்டியது ஒன்று. ஜர்பாலில் 3 கிரனேடியர்ஸ் படையின் மேஜர் ஹோஷியார் சிங், படுகாயத்தோடு நிலை நிலையாகப் போய்த் தம் வீரர்களுக்கு ஊக்கம் கொடுத்து நின்றார். அவருக்கும் பரம் வீர் சக்ரா, அவர் உயிரோடு பெற்றுக்கொண்டார். டிசம்பர் 17 அன்று அவரை எதிர்த்து வந்த பாகிஸ்தான் 35 ஃப்ரான்டியர் ஃபோர்ஸ் படையின் தலைவர் லெப்டினன்ட் கர்னல் முகமது அக்ரம் ராஜா, தம் ஆட்களுக்கு முன்னால் நின்று வந்து இறந்தார். அவருடைய வீரத்தை இந்தியத் தரப்பே பாராட்டியது, அவருடைய நாடு அவருக்கு ஹிலால்-இ-ஜுரத் விருது கொடுத்தது. மாணவர்களிடம் இந்தப் பெயரையும் சொல்ல வேண்டும். எதிரியைக் கோழையாகக் காட்டினால் அருணின் எதிரில் நின்றது எது என்பது அவர்களுக்குத் தெரியாமல் போய்விடும்.

11 ஜனவரி 2023, மாலை 6.10

அரையாண்டு விடுமுறை, அலுவல் எல்லாம் முடிந்து, இன்றைக்குத்தான் அந்த மாணவிக்குப் பதில் சொன்னேன். உத்தரவையும் பணியையும் வேறுபடுத்திக் கரும்பலகையில் படம் போட்டேன்: ஆறு, வெடிக் காடு, காலாட்படை, மூன்று டாங்கிகள், அவற்றில் இரண்டின்மேல் பெருக்கல் குறி. கவனமாகப் பார்த்துவிட்டு, "அப்போ முதலில் துரத்தியது தப்பு, பிறகு நின்றது சரி. ஒரே ஆள் ஒரே நாளில் இரண்டும் செய்யலாமா ஐயா?" என்றாள். செய்யலாம் என்றேன். துரத்தத் தெரிந்த அதே சூடான மனம்தான் பின்பு நின்றது, இரண்டையும் பிரித்து எடுத்துவிட முடியாது என்று எனக்குத் தோன்றியதையும் சொன்னேன். அவள் முழுவதும் ஒப்புக்கொண்டதாகத் தெரியவில்லை. உத்தரவைப் பற்றிய கேள்வியை விட்டுவிட்டு, நந்த் சிங்கின் ஊர் எது என்று கேட்டாள்.

24 ஜனவரி 2023, இரவு 9.30

நேற்று அந்தமானில் பெயரில்லாமல் இருந்த 21 தீவுகளுக்கு, பரம் வீர் சக்ரா பெற்ற 21 பேரின் பெயர்களைச் சூட்டினார்கள். ஒன்று அருண் கேத்தர்பாலுக்கு. 1965 போரில் இதே பூனா ஹார்ஸை நடத்திச் சென்று, செப்டம்பர் 16 அன்று இறந்த லெப்டினன்ட் கர்னல் தாராபூரின் பெயரிலும் ஒரு தீவு. ஒரே படைப்பிரிவின் இரண்டு பேர், இருவரும் 16ஆம் தேதி, நடுவே ஆறு ஆண்டு.

பெரியப்பாவுக்குச் செய்தித்தாளை வாசித்துக் காட்டினேன். அந்த விடியலில் உங்கள் நாடாவைத் தாண்டிப் போன டாங்கிகளில் அருணைப் பார்த்திருப்பீர்களா என்று, இத்தனை நாள் கேட்கத் தயங்கியதைக் கேட்டுவிட்டேன். டாங்கித் தலைவர்கள் மூடியைத் திறந்து, மார்பு வரை வெளியே நின்றுகொண்டு போனார்களாம். புழுதியிலும் புகையிலும் எல்லா முகமும் ஒரே நிறமாக இருந்ததாம். ஒருவர் மட்டும் கீழே குனிந்து, பாதை ஓரத்தில் படுத்திருந்த இவர்களைப் பார்த்துக் கையை உயர்த்தினாராம். மீசைகூடச் சரியாக முளைக்காத பையன் என்பது மட்டும் நினைவிருக்கிறதாம்.

"அது அவர்தானா?" என்றேன்.

"எப்படித் தெரியும் தம்பி? அன்னைக்குப் போனவங்க நிறையப் பேர் அந்த வயசுதான்" என்று சொல்லிவிட்டு, செய்தித்தாளை வாங்கி, கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, தீவுகளின் பட்டியலை முதலிலிருந்து ஒவ்வொரு பெயராக வாசிக்கத் தொடங்கினார்.